மாட்டேன் என்று சொன்ன பிறகு

எங்கள் டாக்டரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு நோயாளியிடம் மாட்டேன் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டால், இரண்டு மூன்று நாளில் அந்த ஆளின் ஊரைத் தேடிக்கொண்டு போய்விடுவார். சைக்கிள் எட்டும் தூரமானால் சைக்கிள், இல்லாவிட்டால் பஸ். அந்த ஆள் எப்படி நடக்கிறார், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார், ஊரார் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று பார்ப்பார். திரும்பி வந்து, "நான் மாட்டேன்னது சரிதான் சிஸ்டர்" என்பார். இல்லாவிட்டால் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே நிற்பார். இரண்டாவதுதான் அதிகம்.

புதுக்கோட்டை சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. யாரோ ஒரு புண்ணியவான் கட்டிவைத்துவிட்டுப் போன சின்ன ஆஸ்பத்திரியில் அவர் டாக்டர், நான் நர்ஸ். எனக்குச் சொந்த ஊர் ஆவூர்ப் பக்கம். திருச்சியில் படித்துவிட்டு, கல்யாணமாகி, கைக்குழந்தையோடு அந்த வேலையில் சேர்ந்திருந்தேன். அவருக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். தனி ஆள். அவர் அறையில் ஒரு நாற்காலி உண்டு, அதில் வெளுத்து வந்த துண்டுகளைத்தான் அடுக்கி வைத்திருப்போம். நின்றுகொண்டே நோயாளியைப் பார்ப்பார், நின்றுகொண்டே மருந்துச் சீட்டு எழுதுவார், காப்பியையும் நடந்துகொண்டே குடித்து, பாதி டம்ளரை எங்காவது வைத்துவிட்டு மறந்துபோவார். சாயங்காலம் வராந்தாவிலும் மருந்து அலமாரி மேலும் அந்த டம்ளர்களைத் தேடிப் பொறுக்குவது ஆயாவுக்கு ஒரு தனி வேலை.

யுத்த காலத்தில் அவர் பர்மா எல்லையில் ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்தவர். எரிந்தும் சிதைந்தும் வந்த முகங்களைச் சரிசெய்வதற்கென்றே அங்கே ஒரு பிரிவு இருந்ததாம். "மூக்கு இருந்த எடத்துல வெறும் ஓட்டை இருக்கும் சிஸ்டர். நெத்தித் தோலைச் சீவி, மடிச்சு, கீழ எறக்கி மூக்கு செய்வோம். மூணு மாசம் கழிச்சுக் கண்ணாடியைக் குடுத்தா அந்த ஆளு திரும்பிப் படுத்துக்குவான்" என்று சொல்வார். அந்த வேலையை நல்லபடியாகக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். கூடவே ஒரு வைராக்கியத்தையும் கொண்டுவந்திருந்தார். கெட்டுப்போன இடத்தில்தான் கத்தி படலாம். நல்ல சதையை அழகுக்காக அறுப்பது வைத்தியம் ஆகாது. யார் வந்தாலும் முதலில் கேட்பது, "இது தேவையா, ஆசையா?" என்றுதான். தேவை என்றால் ராத்தூக்கத்தை விட்டுச் செய்வார். ஆசை என்றால் வாசலைக் காட்டிவிடுவார். ஆனால் வாசலைக் காட்டிய பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளாது.

அறந்தாங்கிக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு ராவுத்தர் தம் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஜமீலா என்று பெயர். சிம்னி விளக்கு கவிழ்ந்து தீப்பிடித்ததில் மோவாய் நெஞ்சோடு ஒட்டிப்போய்விட்டது. ஒரு வருஷமாகத் தரையைப் பார்த்தேதான் நடந்திருக்கிறாள். டாக்டர் கழுத்துத் தழும்பை அறுத்து விடுவித்து, தொடையிலிருந்து தோல் சீவி எடுத்து அங்கே வைத்தார். கட்டுப் பிரித்த அன்று ஜமீலா மெல்லத் தலையை நிமிர்த்தி ஓட்டுக்கூரையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "எம்புட்டுப் பல்லி அக்கா" என்றாள். டாக்டர் அன்று ஆஸ்பத்திரியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இதுதான் நம்ம வேலை. இதுல யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து ஜமீலா திரும்பவும் வந்தாள். இந்தத் தடவை சேலைத் தலைப்பை விலக்கி இடது கன்னத்தைக் காட்டினாள். அதே தீ பட்ட தழும்பு. "இதையும் எடுத்துவிட்ருங்க சார்" என்றாள்.

டாக்டர் குனிந்து பார்த்தார். "வாய் தொறக்க முடியுதா? கண்ணு மூடுதா?"

"அதெல்லாம் முடியுது."

"அப்ப இது ஆசைம்மா. கழுத்து தேவை, செஞ்சாச்சு. இதுக்கு என்கிட்ட வராதே."

அவள் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு தகப்பனார் பின்னால் போய்விட்டாள். எனக்கு என்னவோ போல் இருந்தது. ஒரே முகம், ஒரே தீ. அதில் கழுத்தை ஒரு பக்கமும் கன்னத்தை ஒரு பக்கமும் வைத்தால் அந்தப் பெண் எந்தப் பக்கம் நிற்பாள்?

மூன்றாம் நாள் அவர் அறந்தாங்கிக்குப் பஸ் ஏறினார். ராவுத்தர் டீ வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். முன்பெல்லாம் வீட்டில் அக்கா தங்கச்சிகள் எல்லாரும் ஒரே பெரிய தாலத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். இப்போது ஜமீலா தனித்தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறாளாம்.

வந்து என்னிடம் சொன்னார்: "அந்தக் கன்னத்தை இதைவிட நல்லா ஆக்க எனக்குத் தெரியாது சிஸ்டர். ஒட்டுப்போட்டா ஒட்டு பளிச்சுன்னு தெரியும். அதைச் சொல்லியிருக்கணும். சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, ஒனக்கு ஆசைன்னு பழியை அது தலையில போட்டுட்டேன்."

மறுநாளே திரும்பப் போய் அதையும் சொல்லிவிட்டு வந்தார். ஜமீலா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா, கேட்டுட்டமேன்னு நான் இத்தனை நாள் கூசிப்போயிருக்க மாட்டேனே சார்" என்றாளாம். அதைச் சொல்லும்போது அவர் கை மேசை மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்து எடுத்து வைத்தது.

இதற்குப் பிறகும் அவர் அந்தக் கேள்வியை விடவில்லை. விட்டது வள்ளிக்கண்ணு வந்த பிறகுதான்.

அரிமளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவளுக்கு. பதினெட்டு வயது. எட்டாவது தேறி, திருச்சியில் வாத்தியார் டிரெயினிங் படிக்க இடம் கிடைத்து ஒரு தவணை போய் வந்திருந்தாள். தண்டட்டி என்ற கனத்த காதணி போடுவதற்காகச் சின்னதிலேயே பஞ்சு திணித்து, துளை இறங்க ஈயக் குணுக்கை மாட்டி வளர்த்த காது. தோள் தொட ஒரு விரற்கடைதான் பாக்கி. தண்டட்டியைக் கழற்றிவிட்டாள், வெறும் சதை வளையமாகத் தொங்கியது. அதை வெட்டித் தைத்துச் சின்னக் காதாக்க வேண்டும் என்று கேட்டாள். அவளுடைய அப்பா பின்னால் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காது கேக்குதா?" என்றார் டாக்டர்.

"கேக்குதுங்க."

"வலி, சீழு?"

"இல்லீங்க."

"அப்ப என்ன கொறை?"

"அங்க என் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட மாட்டேங்கிறாங்க. ஊஞ்சல்னு கூப்பிடுறாங்க. நான் கிளாஸ்ல எந்திரிச்சுப் பாடம் நடத்துனா, பிள்ளைங்க காதைப் பிடிச்சு ஆட்டிக் காட்டுதுங்க. டீச்சரம்மாவும் சிரிக்கிறாங்க."

"சிரிக்கிறவங்களுக்குத்தான் வைத்தியம் பண்ணணும். இது தேவையா, ஆசையாம்மா?"

"தெரியலீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

"நல்ல சதையில நான் கத்தி வைக்கமாட்டேன். ஒங்க ஆத்தாளுக்கும் இதே காதுதானே? அவங்க என்ன கொறைஞ்சா போயிட்டாங்க? போய்ப் படி."

அவள் தண்டட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

இரண்டு நாளில் அரிமளத்துக்குப் போயிருக்க வேண்டியவர். அந்த வாரம் விராலிமலைப் பக்கத்தில் வாந்திபேதி. ஊசி போட ஆள் போதாமல் அவரும் நானும் பத்து நாள் அங்கேயே கிடந்தோம். நடுவில் இரண்டு தரம், "அந்தக் காதுப் பொண்ணைப் பாக்கணுமே" என்று சொன்னார். திரும்பி வந்த மறுநாள் காலையில் வள்ளிக்கண்ணு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தாள். வலது காதில் பழந்துணி சுற்றியிருந்தது, துணி நனைந்து கறுத்திருந்தது. அப்பா அழுதுகொண்டிருந்தார்.

"வெறகு எடுக்கப் போனப்ப கருவேலங் கெளை மாட்டி இழுத்துருச்சாம் சார்" என்றார் அவர்.

டாக்டர் துணியைப் பிரித்தார். சதை வளையம் நடுவில் அறுந்து இரண்டு வாலாகத் தொங்கியது. முள் கிழித்தால் விளிம்பு பிய்ந்திருக்கும். இது கோடு போட்டது போல் நேராக இருந்தது. அவளுடைய அப்பாவை வெளியே இருக்கச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு அவள் முன்னால் வந்து நின்றார்.

"எதால அறுத்தே?"

"பிளேடுங்க. அப்பா சவரம் பண்ணுறது. இப்பத் தேவைதானுங்களே?"

டாக்டர் அவளைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவ ஆரம்பித்தார். நான் போய்க் குழாயை மூடும்வரை கழுவினார்.

அன்றைக்கே தைத்தார். ஒரு காதை மட்டும் சின்னதாக்கி மறு காதைத் தொங்கவிட முடியுமா? இடது காது முழுசாக, நல்ல சதையாக இருந்தது. அதையும் அவரேதான் அறுத்தார். ஆனால் நாங்கள் வரும்வரை பழைய துணிக்குள் கிடந்த வலது காது பழுத்துவிட்டது. காய்ச்சல் ஏறி, ரண ஜன்னி கண்டு தாடை இறுகுகிறதோ என்று நாங்கள் பயந்த ஒரு பகல் உண்டு. பெனிசிலின் ஊசி போட்டுப் போட்டுத் தேற்றினோம். பிழைத்தாள். திரும்ப டிரெயினிங் போனாள், வாத்தியாரம்மா ஆனாள். வலது காதில் மட்டும் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு தழும்பு முடிச்சு நின்றுவிட்டது. அதற்குமேல் கொஞ்சம் கூந்தலை இறக்கி வாரிக்கொள்வாள்.

"பிளேடை அது கையில குடுத்தது நான்தான் சிஸ்டர்" என்று அவர் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். இல்லை என்று நானும் சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான் பட்டது.

அதன் பிறகு கேள்வி கேட்பதை விட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் காது தைக்கும் நேரம் என்று ஆகிவிட்டது. திருமயத்திலிருந்தும் குடுமியான்மலையிலிருந்தும் பெண்கள் பஸ் பிடித்து வந்தார்கள். கல்யாணம் நிச்சயமான பெண்கள், பட்டணத்துக்குக் குடிபோகிறவர்கள், கம்மலும் ஜிமிக்கியும் போட ஆசைப்பட்டவர்கள். "ஆசைன்னா என்ன தப்பு? பசியும் ஆசைதானே" என்று ஒரு நாள் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சில் ஒரு அவசரம் இருந்தது. மாட்டேன் என்று யாரிடமும் சொல்லாததால் ஊர் தேடிப் போவதும் நின்றிருந்தது. அதுதான் அவருக்கு நிம்மதி என்று நினைத்தேன். நிம்மதியான ஆள் அத்தனை டம்ளர் காப்பியைப் பாதியில் விட்டிருக்கமாட்டார்.

அடைக்கி வந்தது அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை. விராலிமலைக்குக் கிழக்கே ஏதோ ஊர். இருபத்தைந்து வயதிருக்கும். புருஷன் பினாங்கில் கடையில் வேலை பார்த்துவிட்டு ஏழெட்டு வருஷம் கழித்து வந்திருந்தான். வெள்ளை முழுக்கால்சட்டை, கையில் கடிகாரம். இந்தத் தடவை அவளையும் கப்பலில் கூட்டிப்போகிறானாம். "இந்தக் காதோட அங்க வந்தா என் மானம் போயிரும் டாக்டர். அங்கிட்டு எல்லாம் நாகரிகமான சனங்க" என்றான்.

டாக்டர் அவளைப் பார்த்து, "ஒனக்குச் சம்மதமாம்மா?" என்றார்.

"அவுக சொன்னாச் சரிதான்" என்றாள் அடைக்கி.

அவளை மேசையில் படுக்கவைத்தோம். டாக்டர் மரத்துப்போக வைக்கும் ஊசியை எடுத்தார். நான் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக் காதைத் துடைக்கப் போனேன். அவள் கையை உயர்த்தி, தொங்கும் சதையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். குழந்தை தலையணை நுனியைப் பிடிப்பது போல.

"கையை எடும்மா" என்றேன்.

எடுத்தாள். பிறகு மெதுவாக, "அக்கா, அறுத்ததை என்கிட்டக் குடுத்துருவீங்களா?" என்று கேட்டாள்.

டாக்டர் ஊசியோடு திரும்பினார். "எதுக்கும்மா?"

"எங்க ஆத்தா வளத்ததுங்க. நான் பிள்ளையில அழுவேனாம், மடியில போட்டுக்கிட்டு வேப்பெண்ணெய் தடவித் தடவிக் குணுக்கு மாத்துமாம். ஆத்தா இப்ப இல்ல. அதைக் குப்பையில போடக் கூடாதுங்க. ஆத்தாளைப் பொதைச்ச எடத்துல பொதைச்சுட்டுக் கப்பலேறிருவேன்."

அவர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். "எந்திரிம்மா" என்றார்.

வெளியே புருஷனிடம், "செய்யமாட்டேன்" என்றார்.

"ஊருல உள்ளவளுக்கெல்லாம் செய்யிறீங்க?"

"கேட்டவங்களுக்குச் செய்யிறேன். இங்க கேக்குறது நீங்க. காது அவங்களோடது."

"பொண்டாட்டி காது. நான் கேக்காம யாரு கேப்பா?" என்றான் அவன். அவள் நடுவில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளிடம், "நட" என்று சொல்லி முன்னால் போனான்.

அந்த வெள்ளிக்கிழமை டாக்டர் என்னிடம் வந்து, "சிஸ்டர், நீங்களும் வரணும். நான் தனியாப் போனா அந்தப் பொண்ணு பேசாது" என்றார். மத்தியான பஸ்ஸில் போனோம். இறங்கி ஒரு மைல் நடை. அடைக்கி தம்பி வீட்டு வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து ஈயச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். காது அப்படியே இருந்தது.

"அவரு எங்கம்மா?" என்றேன்.

"போயிட்டாருக்கா. நேத்து கப்பலேற நாகப்பட்டணத்துக்குப் போயிட்டாரு. தனியாத்தான்."

டாக்டர் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். குடிக்கவில்லை.

"ரெண்டு காதுதானே சார்" என்றாள் அடைக்கி. கோபமாகச் சொல்லவில்லை. "நீங்க அறுத்துவிட்டிருந்தா நான் இந்நேரம் அவுகளோட இருப்பேன். நான் மண்ணுல பொதைக்கிறதைத்தானே கேட்டேன். வேணாம்னு சொன்னேனா?"

"இப்பவும் செய்யலாம்மா" என்றார் டாக்டர். "நீ வா. நானே காயிதம் எழுதிப் போடுறேன் அவருக்கு."

அவள் ஒரு கடலையை உடைத்துப் பருப்பை முறத்தில் போட்டாள். இன்னொன்றை உடைத்தாள்.

"இப்ப நானாக் கேட்டா, செய்வீங்கதானே?"

"செய்வேன்."

"அப்ப நான் கேக்கல" என்றாள்.

எனக்குத் தெரிந்தவரையில் அவன் திரும்பி வரவில்லை. அடைக்கி தம்பி வீட்டோடு இருந்து, இரண்டு காணி மேட்டு நிலத்தில் கடலை போட்டு ஆடு வளர்த்தாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். நன்றாக இருந்தாளா என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

திரும்பும் பஸ்ஸில் இடம் காலியாகத்தான் கிடந்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். "நான் செஞ்சது சரியா சிஸ்டர்?" என்றார். கொஞ்சம் கழித்து, "அது வீம்புக்குச் சொல்லுச்சா, நெசமாச் சொல்லுச்சா?" என்றார்.

எனக்கும் மனசு சரியில்லை. சுருக்கென்று வந்துவிட்டது. "முதல்ல அவ புருஷன் அவளுக்காகப் பேசுனான். அப்புறம் நீங்க பேசுனீங்க. இன்னைக்குத்தான் அவளே பேசியிருக்கா. அதையும் நம்பமாட்டீங்களா சார்?"

அவர் அடுத்த நிறுத்தத்தில் கண்டக்டரிடம் ஏதோ சொல்லி இறங்கிவிட்டார். பஸ் நகரும்போது பார்த்தேன், வந்த வழியே வேகவேகமாக நடந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் செருப்பெல்லாம் செம்மண்ணாக ஆஸ்பத்திரிக்கு வந்தார். "மறுபடி கேட்டேன். வேலை கெடக்கு, போங்க சாருன்னுச்சு" என்றார்.

அதற்கு மறு வருஷம் எங்கள் ஆஸ்பத்திரியை விட்டு ஒரு குஷ்டரோக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் வேலை. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லை என்று நினைத்துத்தான் போனார். அங்கிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. கை சரியாகி ஊருக்குப் போன ஒருவன், புருவ முடி உதிர்ந்த முகத்தைப் பார்த்து டீக்கடையில் டம்ளர் தர மறுக்கிறார்கள் என்று திரும்பி வந்து புருவம் வைக்கச் சொல்லிக் கேட்கிறானாம். தலைத்தோலில் துண்டு எடுத்து வைத்துக்கொடுத்தேன், இப்போது அந்த முடி வளர்ந்துகொண்டே இருக்கிறது, மாதம் ஒரு தரம் வெட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன் என்று எழுதியிருந்தார். அவன் ஊருக்கு எந்த பஸ் என்று என்னைக் கேட்டிருந்தார். கீரனூர்ப் பக்கம்தான். பதில் எழுதினேன்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் நிற்பது, அடைக்கி ஊருக்குப் போய்வந்த அடுத்த செவ்வாய்க்கிழமைதான். இனிமேல் காதைத் தொடமாட்டார் என்று நினைத்து, நான் நூலையும் ஊசியையும் கொதிக்க வைக்காமல் இருந்தேன். இருபது வயதுப் பெண் ஒருத்தி அண்ணனோடு வந்து அவர் அறைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வந்தார், பார்த்தார். "தம்பி, நீங்க போய்க் கடையில ஒரு டீ குடிச்சுட்டு மெதுவா வாங்க" என்று அண்ணனை அனுப்பினார். என்னையும் வெளியே நிற்கச் சொன்னார். நாற்காலியிலிருந்த துண்டுகளைத் தூக்கி மேசையில் போட்டுவிட்டு, அவளுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். கதவைச் சாத்தினேன்.

வெகுநேரம் பேச்சுச் சத்தம் கேட்டது. வார்த்தை விளங்கவில்லை. முதலில் அவர் குரல்தான் அதிகம். அப்புறம் அவள் குரல், அப்புறம் அவள் குரல் மட்டும். அண்ணன் டீ குடித்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்று, "என்னங்க இவ்வளவு நேரம்?" என்றான். உள்ளே அழுகிறாளோ என்று காதைக் கொடுத்துக் கேட்டேன்.

கதவைத் திறந்தது அவள்தான். கண்ணில் ஈரம் இல்லை. தண்டட்டி இரண்டையும் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"கத்தி, நூலெல்லாம் எடுத்து வைக்கச் சொன்னாரு அக்கா" என்றாள். "நானாத்தான் கேக்குறேன்னு அவருக்குச் சொல்லிப் புரிய வைக்கிறதுக்குள்ள மணி ரெண்டாயிருச்சு. மூணு மணி பஸ்ஸை விட்டா எங்க ஊருக்கு வேற பஸ் இல்ல."